வன்னிக்கு ஒரு பேப்பர் வேணும், அது ஆற்ற கையில?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எங்கட தருமபுரப் பக்கத்து வாசிகசாலையில இப்ப பேப்பர் போடுறேல்லை. நீட்டு மேசை இன்னும் கிடக்கு. முந்தி விடிய ஏழு மணிக்கே நாலஞ்சு பேர் அதில குந்தியிருப்பினம், ஒருத்தர் முன்பக்கம் ஒருத்தர் நடுப்பக்கம், எங்கட அம்மாவுக்கு மரண அறிவித்தல் மட்டும் காணும், ஆர் செத்தது எப்ப எடுக்கினம் எண்டு பாத்திட்டு வந்துதான் அடுப்பு மூட்டுவா. 2022ல பொருளாதார நெருக்கடி வந்து தாள் இல்லாமப் பக்கம் குறைஞ்சு விலையும் ஏறினதோட சங்கம் நிப்பாட்டினதுதான், பிறகு தொடங்கேல்லை.

எல்லாம் போனில வருதுதானே எண்டு பொடியள் சொல்லுவினம். வருது, ஆனா என்ன வருது? மாரியில நாலு நாள் மழை பெய்தா இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்தாச்சாம் எண்டு ஒவ்வொரு குரூப்பில ஒவ்வொரு கதை, 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சனம் நாங்கள், மாட்டை அவிட்டு விடுறதா நெல்லு மூட்டையை ஏத்துறதா எண்டு தெரியாம நெஞ்சு இடிக்கும். எத்தினை கதவு, எவ்வளவு உயரம் எண்டு நீர்ப்பாசனத் திணைக்களத்தைக் கேட்டு ஒருத்தர் தன்ர பேரோட எழுதினா அது வேற. பிழையெண்டா ஆரைப் பிடிக்கிறது எண்டு தெரியும்.

ஆனா பேப்பர் இருந்தா மட்டும் காணாது. எங்கட வயலுக்குப் போற வாய்க்கால் கட்டு ஆறு மாசத்திலயே வெடிச்சுப் போச்சு, கொங்கிறீட்டைக் கையால உதிர்க்கலாம், உள்ளுக்கக் கம்பியே இல்லை. படம் எடுத்து ஒரு பேப்பருக்குக் குடுத்தன் (பேர் வேண்டாம், உங்கட இல்லை). நிருபர் தம்பி வந்து பாத்து எழுதியும் அனுப்பினவர், வரேல்லை. பிறகு அவர்தான் சொன்னவர், அண்ணை அந்தக் கொந்திராத்துக்காரர் எங்களுக்கு விளம்பரம் தாறவர் எண்டு. தம்பியில பிழையில்லை, அவருக்குக் குடுக்கிற காசு மோட்டச்சைக்கிள் பெற்றோலுக்கே காணாது.

முதலாளியிட்ட இருந்தா இப்பிடி. அரசாங்கத்திட்ட இருந்தா? 1973ல லேக் ஹவுஸ் எண்ட பேப்பர் கொம்பனியை அரசாங்கம் எடுத்தது, தினகரன் அங்கயிருந்துதான் வாறது, எந்த ஆட்சி வந்தாலும் அந்த ஆட்சியின்ர பாட்டு. சண்டைக் காலத்தில வன்னிக்குள்ள ஈழநாதம் எண்ட பேப்பர் வந்தது, செல்லடிக்குள்ளயும் அடிச்சுக் குடுத்த பிள்ளையளை நான் மறக்க மாட்டன், ஆனா அது இயக்கத்தின்ர, புலிகளின்ர பேப்பர், இயக்கத்துக்குப் பிடிக்காத ஒரு கேள்வியை அதில வாசிச்ச ஞாபகம் எனக்கில்லை. 2013 ஏப்ரலில கிளிநொச்சியில உதயன் பேப்பர் அலுவலகத்துக்குள்ள பூந்து அடிச்சவங்கள், அடி வாங்கினது அங்க வேலை செய்த ஆக்கள். அடி வாங்கிறவைக்கும் காசு குடுத்து வாசிக்கிறவைக்கும் பேப்பரில ஒரு பங்கும் இல்லை.

அதால வாசிக்கிற சனமும் எழுதுற ஆக்களும் சேர்ந்து கூட்டுறவா வச்சிருக்கோணும். கூட்டுறவு எங்களுக்குப் புதுசில்லை, கள்ளுக்கும் மீனுக்கும் பாலுக்கும் சங்கம் வச்ச சனம். ஜெர்மனியில இருக்கிற என்ர மச்சான் சொன்னவர், அங்க டாட்ஸ் (taz) எண்டொரு பேப்பர் 1992ல இருந்து கூட்டுறவாம், எவ்வளவு பங்கு வாங்கினாலும் ஒராளுக்கு ஒரு வாக்குத்தான். இஞ்ச காசு வெளியில இருந்துதான் கூட வரும், வரட்டும், கனடாவில இருக்கிறவர் நூறு பங்கு போட்டாலும் அவருக்கும் முரசுமோட்டைக் கமக்காரனுக்கும் ஒரே வாக்கு. சங்கங்களுக்குள்ள கட்சி பூந்து கெடுத்ததும் தெரியும், அதால கட்சிப் பதவியில இருக்கிறவர் நிர்வாகத்துக்கு வரக் கூடாது, ஆசிரியரை நினைச்சபாட்டுக்கு நிப்பாட்டவும் ஏலாது எண்டு யாப்பிலயே எழுதோணும்.

நாளாந்தம் வேண்டாம், கிழமைக்கு ஒருக்கா எட்டுப் பக்கம் காணும். பிரதேச சபையில என்ன கதைச்சவை, குளத்தில எத்தினை அடி தண்ணி, நெல்லு என்ன விலை, ஆமி எந்தக் காணி விட்டவங்கள். கந்தசாமி கோயிலடியில 2017 மாசியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைக் கேட்டுப் போராட்டம் தொடங்கின அம்மாமாரைப் பற்றி வருசத்தில ஒரு நாள் மட்டும் எழுதாமல் ஒவ்வொரு கிழமையும் எழுதோணும். மரண அறிவித்தலும் வேணும்.

முதல் பங்குக்கு நான் காசு தர ரெடி. ஆரும் தொடங்கிறதெண்டா எங்கட வாசிகசாலை மேசை சும்மாதான் கிடக்கு, முதல் கூட்டத்தை அதிலயே வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு கமக்காரன்,
தருமபுரம், கிளிநொச்சி.