பழைய அரங்கத் திருப்பணி நிறைவு அறிக்கையும் வரும் நிகழ்ச்சிகளும்

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் கல்லூரியின் பழைய அரங்கத்தில் கொத்து வேலை ஆவணியிலேயே முடிந்துவிட்டது. அறிக்கை ஏன் வரவில்லை என்று உறுப்பினர்கள் பலர் கேட்டீர்கள். எடுத்துக்கொண்டது கூரை வேலை. ஓர் அடைமழையைப் பார்க்காமல் முடிந்தது என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் உள்ளே ஏணி போட்டு, கூரையின் அடிப்பக்கத்தை ஒவ்வொரு மரச்சட்டமாகக் கையால் தொட்டுப் பார்த்தோம். ஓர் இடம் தவிர எங்கும் ஈரமில்லை. தென்மேற்கு மூலையில், கைப்பிடிச்சுவரும் தளமும் சேருமிடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கசிவு தெரிகிறது. அந்த மூலையின் வளைவுப் பூச்சைத் தை மாதத்தில் பெயர்த்துத் திரும்பப் போடுகிறோம். மேலே நடக்கும் வேலை என்பதால் கீழே நிகழ்ச்சிகளுக்கு இடைஞ்சல் இராது.

அரங்கம் 60 அடி நீளம், 24 அடி அகலம். மேலே இருப்பது மெட்ராஸ் டெரஸ் தளம். நான்கு இரும்பு உத்திரங்கள் அறையை ஐந்து கண்ணியாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் 15 தேக்குச் சட்டங்கள், ஆக 75. சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக (படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி), மூலைவாட்டில் கட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லித் தளம், அதற்கும் மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. இந்த வகைத் தளம் தலைமுறைகளைத் தாங்கும். ஆனால் ஒரு நிபந்தனை: உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இருக்க வேண்டும்.

கெட்டது அங்கேதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒழுகல் கண்டபோது, தட்டோட்டின் மேல் 2 அங்குலம் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் வெயிலிலும் மழையிலும் கீழே சட்டமும் சுண்ணாம்பும் சற்றே அசைந்து கொடுக்க, மேலே சிமென்ட் அசையாமல் நின்று வெடித்தது. மயிரிழை விரிசலில் இறங்கிய தண்ணீர் சிமென்டைத் தாண்டி ஆவியாக முடியாமல் ஜல்லியிலேயே தங்கியது. நான்கு மழைநீர்க் குழாய்களில் இரண்டு அரசஞ்செடி வேரால் அடைபட்டுக் கிடந்ததும் சேர்ந்துகொண்டது. விளைவு, சுவருக்குள் செருகியிருந்த சட்ட நுனிகள் இற்றுப்போயின. சட்டத்தின் நடுவில் சுத்தியலால் தட்டினால் கணீரென்றது, நுனியில் தட்டினால் பொத்தென்றது. திருப்புளியை அழுத்தினால் இரண்டு அங்குலம் இறங்கியது. கரையானைக் குறை சொல்வதில் பயனில்லை. ஈரம் வந்த இடத்துக்குத்தான் அது வந்தது.

சிமென்டைப் பெயர்க்க இயந்திர உளி வைக்கக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருந்தது. அந்த அதிர்வில் நல்ல கண்ணியின் சாந்தும் உதிர்ந்துவிடும். உளியும் சுத்தியலுமாகக் கையாலேயே பெயர்த்தார்கள். கால அட்டவணையில் பெரும் தாமதம் இதனால்தான். பெயர்த்த பின் கிழக்குப் பக்கத்து இரண்டு கண்ணிகளைச் சட்டம் வரை பிரிக்க வேண்டியிருந்தது. மற்ற மூன்றிலும் ஜல்லி கெட்டியாக இருந்ததால் தட்டோட்டை மட்டும் மாற்றினோம். 75 சட்டங்களில் 11 முழுதாக மாற்றப்பட்டன. நுனி மட்டும் கெட்டிருந்த 17 சட்டங்களுக்குக் கெட்டதை அறுத்துவிட்டு, பழைய தேக்கிலேயே சாய்வு வெட்டில் ஒட்டுப்போட்டு, இரு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கினோம். சுவர்க் குழிக்குள் சட்ட நுனியைச் சுற்றி அரை அங்குலம் இடைவெளி விட்டிருக்கிறோம். முன்பு சாந்தை வைத்து அடைத்திருந்தார்கள். காற்றுப்படாத மரம்தான் முதலில் இற்றது.

சுண்ணாம்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். நாளைக்கு வேறு கட்டடத்துக்கு இதே வேலை எடுப்பவர்களுக்கு உதவும். சுட்ட கிளிஞ்சலைத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நீற்ற வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். வேலையாள் அனைவருக்கும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயமாக்கினோம். நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி மூன்று வாரம் ஊறவிட வேண்டும். முதல் தொட்டியில் இந்த இடத்தில் எங்களுக்குத் தவறு நேர்ந்தது. வேலை நிற்கக் கூடாதென்று பத்து நாளில் எடுத்து வடக்குச் சுவருக்குப் பூசிவிட்டோம். ஒரு மாதத்தில் பூச்சில் மிளகு அளவில் கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. நீறாமல் தங்கிய துகள் சுவரில் இருந்துகொண்டு ஈரம் இழுத்து உப்பியதுதான் காரணம். அந்தச் சுவர் முழுவதையும் சுரண்டி மறுபடி பூசிய செலவு கணக்கில் தனி வரியாகவே காட்டப்பட்டுள்ளது.

தளத்துக்கு 100 லிட்டர் தண்ணீரில் 5 கிலோ தட்டிய கடுக்காயும் 5 கிலோ வெல்லமும் போட்டு, இரண்டு வாரம் புளிக்கவைத்து வடிகட்டிப் பயன்படுத்தினோம். மெல்லிய செங்கல் 6 அங்குலம் நீளம், 3 அங்குலம் அகலம், 1 அங்குலம் கனம். இந்த அளவு கடையில் கிடைக்காது. சூளையில் சொல்லி அறுத்து வாங்கினோம். கீழே பலகை முட்டு இல்லாமல் மூலையிலிருந்து தொடங்கிக் கட்டுவதால், ஒரே நாளில் நிறைய வரிசை ஏற்றினால் சாந்து பிடிக்காமல் சரியும். நாளொன்றுக்கு நான்கு வரிசைக்கு மேல் கட்ட அனுமதிக்கவில்லை.

அதன் மேல் 5 அங்குலம் செங்கல் ஜல்லிக் கலவை. பெண் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் மூன்று நாள் தட்டினார்கள். தளம் 4 அங்குலமாக அமுங்கியது. எப்போது நிறுத்துவது என்பதைக் கட்டையே சொல்லும். முதல் நாள் தட்டிய இடத்தில் கட்டை பதிந்து நின்றது. மூன்றாம் நாள் மாலை அதே கட்டை கையில் எகிறித் திரும்பியது, ஓசையும் மாறியது. இந்த வேலையின் தரம் முழுவதும் அந்த மூன்று நாளில், அந்தக் கைகளில்தான் இருந்தது. கோடை வெயிலில் மேற்பரப்பு அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும் என்பதால் மொட்டைமாடி முழுவதும் கீற்றுப் பந்தல் போட்டு, ஈரச்சாக்கு மூடி வைத்தோம். மேலே இரண்டு வரிசை தட்டோடு, இணைப்பு ஒன்றன்மேல் ஒன்று வராமல். வாட்டம் 60 அடிக்கு 1 அடி வீதம் குழாய்ப் பக்கமாக. நான்கு குழாயும் 4 அங்குலத்தில் புதிதாக வைக்கப்பட்டு, வாயில் குவிந்த வலை மூடி போட்டிருக்கிறோம். தட்டையான வலை இரண்டு வேப்பிலையிலேயே அடைபடும்.

கசிவு பார்க்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. 5 செ.மீ. தண்ணீர் நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். ஒட்டுப்போட்ட மரச்சட்டத்தின் மேல் அந்தச் சோதனை தேவையில்லை. ஓஸ் பிடித்து ஓடவிட்டுத்தான் பார்த்தோம்.

மின் இணைப்பு முழுவதும் புதிது. மேடைக்குத் தனி எர்த், தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி). ஒலிபெருக்கியில் எந்த விழாவிலும் கேட்கும் அந்த ‘ஊம்’ இரைச்சலுக்குக் காரணம், மிக்ஸர் அரங்கின் பின்புறம் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் மேடையில் வேறொரு பிளக்கிலும் வேறு வேறு எர்த்தில் நின்றதுதான். இப்போது பின்புற மேசையின் சிவப்பு பிளக்குக்கு மேடைப் பெட்டியிலிருந்தே வயர் வருகிறது. ஒலியமைப்பாளர்கள் அந்தச் சிவப்பு பிளக்கை மட்டும் பயன்படுத்த வேண்டும். மைக் கேபிள் மூன்று முனை கொண்ட எக்ஸ்.எல்.ஆர். வகையாக இருக்க வேண்டும். இரைச்சல் வருகிறதென்று எர்த் முனையைக் கழற்றிவிடும் பழக்கத்தைத் தயவுசெய்து யாரும் அனுமதிக்காதீர்கள். மைக்கைப் பிடித்தவர் உயிருக்கே ஆபத்து.

இனி அரங்கத்தின் நிகழ்ச்சிகள். ஜனவரி 12, விவேகானந்தர் பிறந்தநாளான தேசிய இளைஞர் தினத்தன்று மாணவர் பேரவைக் கூட்டத்துடன் அரங்கம் திறக்கப்படுகிறது. மேடை போக 150 நாற்காலிதான். அதற்கு மேல் ஆள் வரும் என்றால் மைதானத்தையே கேளுங்கள். பட்டமளிப்பு விழாவும் விளையாட்டு விழாவும் அங்கேயே நடக்கும். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வேலைநாளில் துறைவாரியாகப் பொங்கல். அடுப்பு தாழ்வாரத்தில் வேண்டாம். முற்றத்தில் 3 அங்குலம் மணல் கொட்டி அதன்மேல் கல் வையுங்கள். தாழ்வாரத்தில் இருப்பது சிவப்பு ஆக்சைடு தரை. நேரடிச் சூடு பட்டால் பிளக்கும், கறை ஏறினால் போகாது. கோலப் போட்டிக்கு அரிசி மாவும் வண்ணப் பொடியும் சரி, பெயின்ட் கூடாது. ஜனவரி 25 வாக்காளர் தின உறுதிமொழி காலை 11 மணிக்கு.

பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாளன்று தமிழ்த்துறையின் கவியரங்கம். அன்று மைக் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். சுவர்களில் இருந்த சிமென்ட் பூச்சும் எமல்ஷன் பெயின்டும் போய்ச் சுண்ணாம்புப் பூச்சு வந்தபின், கடைசி வரிசை வரை வெறுங்குரலே தெளிவாகக் கேட்கிறது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். 1928-இல் இராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். வேதியியல் துறையின் செய்முறைக் காட்சிகள் மேசையில் பிளாஸ்டிக் தட்டுக்குள் மட்டும் நடக்கட்டும். அமிலம் ஒரு சொட்டு பட்டாலும் சுண்ணாம்பு நுரைத்து அரித்துப் போகும். மார்ச் 8 மகளிர் தினக் கருத்தரங்கு காலை அமர்வு மட்டும்.

பேனர் கட்ட ஆணி அடிக்க வேண்டாம், செல்லோடேப்பும் ஒட்ட வேண்டாம். டேப்பை உரித்தால் சுண்ணாம்பு அடையோடு வரும். மூன்று சுவரிலும் 9 அடி உயரத்தில் இரும்புக் குழாய் ஓடுகிறது. அதில் கயிறு கட்டிக்கொள்ளலாம். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி போட்டாயிற்று; கழன்றது கண்டால் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

தாழ்வாரத்து அறிவிப்புப் பலகையும் புதிது. பழையது சுவரோடு ஒட்டி நின்று ஈரத்தில் ஊதிப்போன பிளைவுட். இப்போது சுவரிலிருந்து 1 அங்குலம் தள்ளி ரீப்பரில் நிற்கிறது. கண்ணாடிக் கதவு, பூட்டு உண்டு. ஏ4 தாள் 21 வைக்கலாம். ஒவ்வோர் அறிவிப்பின் வலது கீழ் மூலையிலும் ஒட்டிய தேதியும் எடுக்கும் தேதியும் எழுதியிருக்க வேண்டும். எடுக்கும் தேதி இல்லாத தாள் பலகைக்குள் போகாது. முடிந்துபோன தேர்வுக் கட்டண அறிவிப்பின் அடியில் உதவித்தொகைக் கடைசித் தேதி மறைந்துகிடந்து ஒரு மாணவர்கூட இனி ஏமாறக் கூடாது.

பராமரிப்புக்குச் சித்திரையிலும் புரட்டாசியிலும் ஒருநாள் உறுப்பினர்கள் மாடிக்கு வர வேண்டும். வேலை பெரிதில்லை: நான்கு குழாய் வாயைத் துடைப்பது, முளைத்த செடியை இரண்டிலை விடும்போதே வேரோடு எடுப்பது, விரிசல் கண்டால் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டு வருவது. சிமென்ட் வைத்து யாரும் அடைக்க வேண்டாம். தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா எதையும் தளத்தில் துளையிட்டு நிறுத்த அனுமதியில்லை.

தணிக்கை முடிந்த வரவு செலவு, ரசீதுகளோடு, தைக் கடைசி ஞாயிறு நடக்கும் பொதுக்குழுவில் வைக்கப்படும். அதுவரை சங்க அலுவலகத்தில் எந்த உறுப்பினரும் பார்க்கலாம். மிச்சமாக 340 மெல்லிய செங்கல், 90 தட்டோடு, ஒரு டிரம் நீற்றிய சுண்ணாம்பு கிடங்கில் உள்ளன. டிரம்மில் சுண்ணாம்புக்கு மேல் நான்கு விரற்கடை தண்ணீர் நிற்கும்வரை அது கெடாது. மாதம் ஒருமுறை பார்த்து ஊற்றும் பொறுப்பைக் கிடங்குக் காப்பாளர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். எடுப்பவர்கள் பதிவேட்டில் அளவு எழுதிக் கையெழுத்திட்டு எடுங்கள்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு