லிவிவ் போகும் மகளுக்கு

சூரமங்கலம், சேலம்
12.11.2025

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "டிசம்பரில் உக்ரைனுக்கு, லிவிவ் போய் பாபுஸ்யாவைப் பார்த்துவிட்டு வரப்போகிறேன்பா" என்று சொன்னதும் நான் பதில் பேசாமல் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. வாயைத் திறந்திருந்தால் "போகாதே" என்றுதான் வந்திருக்கும். மூன்று நாளாக யோசித்தேன். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2022 பிப்ரவரி 24. நமக்குக் காலை எட்டரை தாண்டியிருந்தது, உனக்கு விடியற்காலை ஐந்து. நீ படித்துக்கொண்டிருந்த கார்கிவில் குண்டு விழுகிறது என்று நீ சொல்லும்போதே பின்னால் ஒரு வயதான பெண்குரல் அதட்டியது. உங்கள் நான்கு பேரையும் நிலவறைக்கு இறங்கச் சொல்லி, நீ பாபுஸ்யா, அதாவது பாட்டி, என்று கூப்பிடும் அந்தம்மா விரட்டிய குரல். அதற்கப்புறம் ஆறு நாள் தன் உருளைக்கிழங்கையும், ஊறுகாய் போட்டு வைத்திருந்த வெள்ளரிக்காயையும் உங்களோடு பங்கு போட்டுக்கொண்டார். மார்ச் 1-ந் தேதி கர்நாடகத்துப் பையன் ஒருவன் அதே ஊரில் சாப்பாட்டுப் பொருள் வாங்க வரிசையில் நின்றபோது இறந்துபோனான். அன்று நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நீயும் அப்படி ஒரு வரிசையில் நிற்காமல் இருந்தது அந்தம்மாவால்தான். மறுநாள், மாலை 6 மணிக்குள் கார்கிவை விட்டு வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது போங்கள் என்று நம் தூதரகம் சொன்னது. பெசோசினுக்கு 11 கிலோமீட்டர். பனியில் கிளம்பிய உன் தோளில் தன் கம்பளிச் சால்வையைப் போட்டு அனுப்பினார். ஏற்காடு போகும்போதெல்லாம் அம்மா இன்றைக்கும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறாள்.

அந்தம்மா இப்போது இடுப்பு எலும்பு முறிந்து லிவிவில் மகள் வீட்டில் படுத்திருக்கிறார், உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்றால், போகாதே என்று எந்த வாயால் சொல்வேன்? ஆனால் எப்படிப் போகவேண்டும் என்று சொல்வேன். அதைக் கேட்டுக்கொள்.

ரயில் பாதையில் பழுது இருந்தால் வண்டி புறப்படும் முன் ஸ்டேஷனில் நாங்கள் லோகோ பைலட்டிடம் காஷன் ஆர்டர் என்ற எச்சரிக்கைத் தாள் கொடுப்போம், ஞாபகம் இருக்கிறதா? எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, என்ன வேகம் என்று எழுதியிருக்கும். அவர் படித்துக் கையெழுத்துப் போடாமல் வண்டி நகராது. இந்தக் கடிதத்தை அப்படி எடுத்துக்கொள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள். உக்ரைனுக்குப் பயணம் செய்யவேண்டாம், அங்கே இருப்பவர்களும் கிளம்பிவிடுங்கள் என்று 2022 அக்டோபர் 19-ந் தேதி நம் தூதரகம் அறிவுறுத்தியது. ஏமனுக்கு 2017-ல் போட்டது போன்ற தடை இல்லை இது. ஆனாலும் அறிவுரையை மீறிப் போகிறோம் என்பது உன் மனதில் இருக்கவேண்டும். அங்கே சிக்கிக்கொண்டால் உடனே வண்டி அனுப்புவார்கள் என்று நம்பிக் கிளம்பாதே. சண்டை முற்றிய 2022 மார்ச்சில் தூதரகமே போலந்துக்கு இடம் மாறி, மே மாதம்தான் கீவுக்குத் திரும்பியது. அதனால் கிளம்பும் முன்பே கீவில் உள்ள நம் தூதரகத்தில் உன் பெயர், தங்கும் முகவரி, திரும்பும் தேதி எல்லாவற்றையும் பதிவு செய்துவிடு.

விசாவில்தான் நம் ஆட்கள் அதிகம் தவறு செய்வார்கள் என்று நினைக்கிறேன். உக்ரைன் வான்வழி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடியே இருக்கிறது. நீ துபாயிலிருந்து போலந்துக்குப் பறந்து, அங்கிருந்து தரைவழியாகத்தான் உள்ளே போகமுடியும். அப்படியானால் இரண்டு விசா வேண்டும். உக்ரைன் விசாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போலந்தில் இறங்கமுடியாது, போலந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் வேண்டும். அந்த ஷெங்கன் விசாவில் ஒரு முறை நுழைய மட்டும் அனுமதி இருந்தால், நீ எல்லை தாண்டி உக்ரைனுக்குள் கால் வைத்த நிமிடமே அது தீர்ந்துவிடும். திரும்பி வர வழி இருக்காது. போர் நடக்கும் நாட்டுக்குள் போய், வெளியே வரக் கதவு இல்லாமல் நிற்பாய். பல முறை நுழையும் அனுமதி கேட்டு வாங்கு. விசா கைக்கு வந்ததும் அந்த ஒரு வரியை நீயே படித்துப் பார். ஏஜென்ட் சொன்னார் என்று விடாதே.

உக்ரைன் விசாவுக்கு அபுதாபியில் உள்ள அவர்கள் தூதரகத்தில் நேரடியாகக் கேள். அழைப்புக் கடிதம், தங்கும் இடம், செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம், மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்பார்கள். பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பார். ஷெங்கன் பகுதியை விட்டு நீ கிளம்பும் நாளுக்கு அப்புறமும் மூன்று மாதமாவது அது செல்லவேண்டும். ஐரோப்பிய எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை போன மாதம் 12-ந் தேதி தொடங்கியிருக்கிறது. படிப்படியாகத்தான் வருகிறது என்றாலும் வரிசை நீளும், நேரம் விட்டுக் கிளம்பு.

காப்பீடு எடுக்கும்போது விலையைப் பார்க்காதே. சாதாரணப் பயணக் காப்பீட்டில் போரால் ஏற்படும் காயத்துக்குப் பணம் கிடையாது என்று உள்ளே எங்கோ பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். விசாவுக்குக் காட்ட அந்தக் காகிதம் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது. போர் ஆபத்தையும் சேர்த்து எழுதித் தரும் பாலிசியாகக் கேட்டு வாங்கு. கூடுதல் பணத்தை நான் அனுப்புகிறேன். இதில் மறுப்புச் சொல்லக்கூடாது.

ரயில் விஷயம் எனக்குப் பிடித்தது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். கிராகோவில் இறங்கி, எல்லையோர ஊரான பிஷெமிஷல் வரை போலந்து ரயிலில் போ. அங்கே வரை தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். உக்ரைனில் 1,520. நம்முடைய 1,676 இரண்டையும் விட அகலம். இந்த 85 மில்லிமீட்டர் வித்தியாசத்தால் அந்த வண்டி அப்படியே உள்ளே ஓடமுடியாது. ஆனால் உக்ரைன் அகலத்துத் தண்டவாளம் பிஷெமிஷல் ஸ்டேஷன் வரை வருகிறது. அவர்கள் வண்டி அங்கேயே வந்து நிற்கும், போலந்து பாஸ்போர்ட் சோதனையும் ஸ்டேஷனிலேயே முடியும். லிவிவ் அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர், இங்கிருந்து நாம் திருப்பூர் போகிற தூரம்தான். இத்தனை குண்டுக்கு நடுவிலும் ரயிலை நிறுத்தாமல் ஓட்டுகிற அந்த ஊழியர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. 2022-ல் உன்னையும் அவர்கள்தானே மேற்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ஆனால் எனக்காக ரயில் படம் எடுத்து அனுப்பாதே. போன ஊரிலிருந்தெல்லாம் அனுப்புவாய், இந்த முறை வேண்டாம். ராணுவ வண்டி, சோதனைச் சாவடி, பாலம், ஸ்டேஷன், குண்டு விழுந்த இடம் எதற்கும் போனைத் தூக்காதே. ராணுவ நிலைகளைக் காட்டும் படத்தைப் பரப்புவது அங்கே சிறைத் தண்டனைக் குற்றம். ராணுவச் சட்டம் நடக்கும் நாடு. அசல் பாஸ்போர்ட் எப்போதும் உன் மேலேயே இருக்கட்டும். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஊரடங்கு. அந்த நேரத்தில் மருந்து வாங்கக்கூட நீயாக வெளியே இறங்காதே, ஆம்புலன்சுக்கு 103 அடிக்கச் சொல்.

லிவிவ் மேற்கே இருப்பதால் பயமில்லை என்று நீ சொன்னாய். கார்கிவைவிடப் பரவாயில்லை என்று மட்டும்தான் சொல்லலாம். அங்கேயும் ஏவுகணை விழுந்திருக்கிறது, ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வான்தாக்குதல் எச்சரிக்கைச் செயலியைப் போனில் போட்டு, ஒலியை நிறுத்தாமல் வைத்திரு. போய்ச் சேர்ந்ததும், பெட்டியை வைப்பதற்கு முன்பே, பதுங்கும் இடம் எங்கே என்று கேட்டு ஒரு முறை நடந்து பார்த்துவிடு. இறங்க நேரம் இல்லையென்றால் உனக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவில் இரண்டு சுவர் இருக்கவேண்டும், ஜன்னல் இருக்கக்கூடாது. இது உனக்கே தெரியும். ஆனால் மூன்றரை வருடத்தில் பழக்கம் விட்டுப்போயிருக்கும். பாபுஸ்யாவை அவசரத்தில் எப்படித் தூக்கி இறக்குவது என்று அவர் மகளிடம் இப்போதே பேசி வை. அவரை விட்டுவிட்டு நீ இறங்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

மின்நிலையங்களைக் குறிவைத்து அடிப்பதால் அங்கே மின்வெட்டு மணிக்கணக்கில் போகிறது. ஏற்காட்டில் மழைக்குக் கரன்ட் போவதுபோல் நினைக்காதே, குளிரும் சேர்ந்துகொள்ளும். தலையில் மாட்டும் விளக்கு, பவர் பேங்க், அந்த ஊர்ப் பணம் கொஞ்சம் ஹிரிவ்னியா நோட்டு வைத்துக்கொள். லிப்டில் ஏறாதே.

கார்கிவுக்குப் போகாதே. பழைய காலேஜைப் பார்க்கலாம், நிலவறையைப் பார்க்கலாம் என்று தோன்றும். ரஷ்ய எல்லைக்கு அத்தனை பக்கத்தில் இருக்கிற ஊர் அது. குழந்தைகளுக்கு மெட்ரோ நிலையத்துக்குள் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள் என்றால் மேலே எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். எவ்வளவு ஆசையிருந்தாலும் லிவிவோடு திரும்பிவிடு.

போகிற நாளுக்கு முன் லிவிவில் பெரிய தாக்குதல் நடந்தால், பிஷெமிஷல் வரை போயிருந்தாலும் திரும்பி வா. டிக்கெட் பணம் போகட்டும். வருகிற டிக்கெட்டையும் மூன்று நாள் தள்ளிப் போடு, எல்லையில் எத்தனை மணி நேரம் நிற்கவேண்டும் என்று யாராலும் சொல்லமுடியாது.

அம்மா இன்னும் உன்னோடு சரியாகப் பேசவில்லை, தெரியும். ஆனால் நேற்று அவளே போய் அரைக் கிலோ ஏற்காட்டுக் காப்பித் தூள் வாங்கி இரண்டு கவர் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். லிவிவ் காப்பிக்குப் பேர் போன ஊராமே. 1820-களில் காக்பர்ன் கலெக்டர் காலத்தில் எங்கள் மலைக்கு வந்த செடி என்று பாபுஸ்யாவிடம் சொல். பக்கத்து வீட்டுத் தம்பி கோவையிலிருந்து ஷார்ஜா வருகிறான், கொடுத்து அனுப்புகிறோம். சால்வையை மட்டும் திருப்பிக் கேட்காதே, அதைத் தரமாட்டேன் என்கிறாள்.

அங்கே காலை ஐந்துக்கு ஊரடங்கு முடியும்போது இங்கே எட்டரை. அங்கே இருக்கும்வரை தினமும் அந்த நேரத்துக்கு ஒரு வரி அனுப்பு. பேசவேண்டாம், "எழுந்துவிட்டேன்" என்று மட்டும். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்.

படித்து முடித்ததும் கடிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா