சிம்மை முதலில் முடக்குங்கள்

ஆசிரியருக்கு,

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு நெரிசலில் கைப்பை, செல்போன் பறிபோவது பற்றிய தங்கள் செய்தி கண்டேன். பறிகொடுத்தவர்கள் பலர் ஏ.டி.எம். அட்டையை முடக்கியதும் நிம்மதியாகிவிடுகிறார்கள், சிம்மை மறந்துவிடுகிறார்கள். ஆபத்தே அங்குதான். திரைப்பூட்டு போனுக்கு மட்டுமே காவல். தனியாகப் பின் (PIN) எண் பூட்டு வைக்காத சிம்மை உருவி வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. அத்தனையும் திருடனுக்கே வரும். பையில் ஆதார், பான் நகலும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே முதல் அழைப்பு சிம் நிறுவனத்துக்கு, அடுத்தது வங்கிக்கு. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930. மாற்று சிம்மில் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, பதற வேண்டாம். வரத் தொடங்கியதும் ஆதார் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு) பூட்டி, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பெயரில் வேறு இணைப்புகள் உள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும்.

இந்த வரிசையைத் துண்டுச்சீட்டாக அச்சிட்டு, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் காவல் நிலையங்களில் சி.எஸ்.ஆர். எனும் புகார் ஏற்பு ரசீதுடன் சேர்த்தே கொடுக்கலாம்.

- வாசகர், தண்டையார்பேட்டை