கற்பனைக்கு வைத்த வினாவும் மனப்பாடம் செய்த விடையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கல்வி குழந்தைகளின் படைப்பாற்றலை வளர்க்கிறதா, மழுங்கடிக்கிறதா என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஓவிய வகுப்பையும் விளையாட்டு வகுப்பையும் கணக்குப் பாடம் பறித்துக்கொள்வதைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். அந்தக் கவலை நியாயமானதே. ஆயினும், அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு, அதைவிடப் பெரிய இழப்பு மொழிப் பாடத்துக்குள்ளேயே, அதுவும் படைப்பாற்றலுக்கென்றே ஒதுக்கப்பட்ட வினாக்களிலேயே நிகழ்வதாகத் தோன்றுகிறது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தமிழ் வினாத்தாளில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்றொரு வினா உண்டு. ஒரு படத்தைக் கொடுத்து, அதைப் பார்த்ததும் மனத்தில் தோன்றுவதைக் கவிதையாகவோ உரைநடையாகவோ எழுதச் சொல்வார்கள். இதற்கு 5 மதிப்பெண். நூறு மதிப்பெண்ணுக்கான வினாத்தாளில், மாணவர் தம் கண்ணாலும் தம் சொல்லாலும் விடை எழுத வேண்டிய மிகச் சில இடங்களுள் இது ஒன்று. வினாவை அமைத்தவர்களின் நோக்கத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் நடப்பது வேறு. எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி ஆக்கப்பட்ட வரிகள் கையேடுகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றி வருகின்றன. இக்காட்சி என்னைச் சிந்திக்க வைத்தது, இக்காட்சி என்னை எழுதத் தூண்டியது என்ற வகையில் செல்லும் அந்த வரிகளை, மரம் நடும் படத்துக்கும் எழுதலாம், நூலகப் படத்துக்கும் எழுதலாம், செங்கல் சுமக்கும் சிறுவனின் படத்துக்கும் எழுதலாம். படத்தைப் பார்க்கவே தேவையில்லை. செங்கல் சுமக்கும் தன் வயதுச் சிறுவனைப் பார்த்தும் பார்க்காமல் ஐந்து வரிகளை ஒப்பித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போகும் பழக்கத்தை நாமே நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

மேல்நிலை வகுப்புகளின் நயம் பாராட்டும் வினாவும் இதற்கு விலக்கன்று. மோனை நயம் என்று தலைப்பிட்டால் ‘காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை’ என்றும், எதுகை நயம் என்றால் ‘மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை’ என்றும் தொடங்க வேண்டும் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. கொடுக்கப்பட்ட பாடல் பிள்ளைக்குப் பிடித்ததா, அதில் எந்தச் சொல் அவனை நிறுத்தியது என்ற கேள்விக்கு அந்த விடையில் இடமே இல்லை.

கட்டுரை வினாவில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. அரசுப் பொருட்காட்சிக்குச் சென்று வந்த நிகழ்வைக் கட்டுரையாக்கச் சொல்லும் வினா பத்தாம் வகுப்பில் நன்கு அறிமுகமானது. பொருட்காட்சித் திடலில் கால் வைத்திராத கிராமத்துப் பிள்ளைகள், நுழைவுச்சீட்டு வாங்கியதையும் அரங்குகளைச் சுற்றிப் பார்த்ததையும் சிற்றுண்டி உண்டதையும் முன்னுரை முதல் முடிவுரை வரை ஒரே சொற்களில் எழுதித் தள்ளுகிறார்கள். தங்கள் ஊர்த் தீமிதியையும், குறுவை அறுவடையின்போது களத்துமேட்டில் கழித்த இரவையும், சந்தையில் மாடு விலைபேசும் முறையையும் நேரில் கண்டு நுட்பமாக அறிந்த பிள்ளைகள் அவர்கள். அவற்றை எழுது என்று எந்த வினாத்தாளும் அவர்களிடம் கேட்பதில்லை. நாளிதழின் பொங்கல் மலருக்கு உழவைப் பற்றிக் கட்டுரை அனுப்புவதாக ஒரு கடிதப் பயிற்சி பாடநூலில் இருக்கிறது. அந்தக் கடிதத்தையும் உழவர் வீட்டுப் பிள்ளை பிறர் சொல்லிலேயே மனப்பாடம் செய்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை மழைக் காட்சி ஒன்றைக் காட்டி, மதிப்பெண் கிடையாது, தோன்றியதை எழுதலாம் என்றேன். மழை பிடித்ததும் அம்மா முதலில் அரிசிப் பானையைத்தான் ஒழுகாத மூலைக்கு நகர்த்துவார் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். ஒற்றுப்பிழைகள் நிறைய இருந்தன. ஆனாலும் வகுப்பில் படித்துக் காட்டியபோது எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மறு ஆண்டு திருப்புதல் தேர்வில் அதே மாணவி கையேட்டு வரிகளையே எழுதினாள். கேட்டதற்கு, அப்படி எழுதினால்தான் மதிப்பெண் உறுதி என்றாள். அவள் கணக்கு தவறானதன்று. பிழையின்றி ஒப்பித்த வரிக்கு மதிப்பெண் குறையாது. பிழையோடு எழுதிய சொந்த வரிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது திருத்துபவரின் மனநிலையைப் பொறுத்தது.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு உடன்பாடன்று. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்கப்படுவது தலைமையாசிரியரிடமும் பாட ஆசிரியரிடமும்தான். விடைத்தாள் திருத்தும் முகாமில் கட்டுக் கட்டாகத் தாள்களை முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு, விடைக்குறிப்பில் உள்ள தலைப்புகள் தாளில் இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைக்கு 35 மதிப்பெண் என்பது மேல்நிலை வகுப்பின் வாசல். எனவே மெல்லக் கற்போர் என்று பிரிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தபட்சக் கையேடு தரப்படுகிறது. மாலையில் சிறப்பு வகுப்பு நடக்கிறது. அங்கே முதலில் மனப்பாடம் செய்யவைக்கப்படுபவை இத்தகைய ஆயத்த விடைகளே. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிப் பழக வேண்டிய தேவை யாருக்கு மிக அதிகமோ, அவருக்குத்தான் அந்த வாய்ப்பு மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

மனப்பாடத்தையே நான் பழிப்பதாக எவரும் எண்ண வேண்டாம். திருக்குறளையும் ஒளவையின் வரிகளையும் நெட்டுரு செய்த பிள்ளைக்குச் சொல்வளம் சேர்கிறது; திண்ணைப் பள்ளிக் காலந்தொட்டு நம் கல்விக்கு அது அடித்தளமாக இருந்திருக்கிறது. ஆனால் தன் அனுபவத்தையும் தன் கருத்தையும் எழுத வேண்டிய இடத்தில் அடுத்தவரின் அனுபவத்தை நெட்டுரு செய்வது வேறு. அது சொல்வளத்தைத் தருவதில்லை. நீ பார்த்ததும் நினைத்ததும் எழுதத் தக்கவையல்ல என்ற எண்ணத்தையே தருகிறது.

நல்ல முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்ற செயல்வழிக் கற்றலை நினைத்துப் பார்க்கிறேன். குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை அமைந்தது. ஆசிரியர் பாயில் அவர்களோடு உட்கார்ந்தார். தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்தவையும் வெட்டி ஒட்டியவையும் தொங்கின. எழுத்தும் கணக்கும் பிந்துகின்றன என்று பெற்றோர் சிலர் குறைப்பட்டதும், ஆசிரியர் பற்றாக்குறையால் பல பள்ளிகளில் பாட அட்டைகளை அடுக்கும் சடங்காக அது தேய்ந்ததும் உண்மை. எனினும், ஒரு குழந்தையின் கிறுக்கலுக்கு வகுப்பறையில் இடம் ஒதுக்கியது அந்த முறைதான். 2012-13-இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில் வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது செயல்திட்டம் போன்ற வகுப்பறைச் செயல்பாடுகளுக்கு, 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். செயல்திட்டம் மதிப்பெண்ணோடு கட்டப்பட்டதும், எழுதுபொருள் கடையில் படத்தாள் வாங்கி ஒட்டுவதும் கணினி மையத்தில் அச்செடுத்துத் தருவதும் வழக்கமாயின. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் ‘கற்பவை கற்றபின்’, ‘மொழியோடு விளையாடு’ போன்ற பகுதிகள் உண்மையிலேயே அருமையானவை. தேர்வுக்கு வராது என்ற ஒரே காரணத்தால் பல வகுப்பறைகளில் ‘கற்பவை கற்றபின்’ பகுதியைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஓவியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் பயிலும் பள்ளிகளுக்குத்தான் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்களைக் கேட்கிறது. சிற்றூர்ப் பள்ளிகள் பல இந்த எண்ணிக்கைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். ஊதியம் பின்னர் உயர்ந்தாலும், பணி நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் அவர்கள் போராட வேண்டியதாயிற்று. 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவை மனமார வரவேற்கிறேன். ஆனால் போட்டி என்பது ஏற்கெனவே ஆடவும் பாடவும் வருபவரையே மேடைக்கு அழைத்துச் செல்லும். மேடையேறாத பிள்ளைக்கு வேண்டியது வாரந்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு பாடவேளை.

பொதுத்தேர்வில் மாநிலத் தரவரிசை அறிவிப்பதை 2017-இல் கைவிட்ட அரசு, 2025-இல் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையின் வழியே பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் விலக்கியிருக்கிறது. தேர்வு முறையை மாற்ற முடியாது என்ற வாதம் இனி நிற்காது. ஆகவே, காட்சி வினாவின் விடைக்குறிப்பில், படத்திலுள்ள ஏதேனும் ஒன்றையாவது குறிப்பிட்டு எழுதிய சொந்த வரிக்கு, பிழை மலிந்திருந்தாலும், மதிப்பெண் உண்டு என்று தேர்வுத்துறை தெளிவாகச் சேர்க்க வேண்டும். கட்டுரைப் பகுதியில் பாடநூலில் இல்லாத, பிள்ளை தன் ஊரையும் வீட்டையும் பற்றி எழுதத்தக்க தலைப்பு ஒன்று ஒவ்வொரு முறையும் இடம்பெற வேண்டும். பொதுத்தேர்வின் நிழல் விழாத ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளில், மதிப்பெண்ணும் சிவப்பு மையும் இல்லாத எழுத்துப் பாடவேளை ஒன்று வாரத்தில் வேண்டும். இதற்குப் புதிதாகச் செலவு எதுவும் இல்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தேர்வுக் காலத்தில் நாளிதழ்கள் மாதிரி வினா-விடைகளைப் பக்கம் பக்கமாக வெளியிடுகின்றன; கிராமத்துப் பிள்ளைகள் அவற்றை வெட்டி வைத்துப் படிக்கிறார்கள். அந்தப் பக்கங்களில் காட்சி வினாவுக்கும் கட்டுரைக்கும் ஆயத்த விடை தருவதை விடுத்து, அந்த இடத்தில் வாரம் ஒரு படத்தை வெளியிட்டு, அதைக் கண்டு பள்ளிப் பிள்ளைகள் தாமே எழுதி அனுப்பும் வரிகளை அடுத்த வாரம் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.