கறுப்பு வயரை நம்பாதே, பாப்பா

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே அமெரிக்காவில் நீ, மாப்பிள்ளை, குட்டி எல்லாரும் சௌக்கியம்தானே? இந்த வருஷம் பண்ருட்டிப் பலா நன்றாக இறங்கியிருக்கிறது. நேற்று ஒன்று வாங்கினோம். பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த பிறகும் வீடு முழுக்க அந்த வாசனைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படுக்கையறை சீலிங் பேனில் விளக்கு மாட்டப் போவதாகவும், அதற்கான பெட்டி வந்துவிட்டதாகவும், சனிக்கிழமை நீயே மாட்டிவிடுவாய் என்றும் சொன்னாய். “பார்த்து செய்யம்மா” என்றேன். “எனக்குத் தெரியும்பா, உங்க பேன் ரிப்பேர் கடையிலே எத்தனை பார்த்திருக்கேன்” என்று சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கடைப் பக்கமே வராத பிள்ளையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பயப்பட மாட்டேன்.

போனில் சொல்லலாம் என்றால் குட்டி பிடுங்கிக்கொள்கிறான். அதனால் பேப்பரில் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். ஏணியில் ஏறுவதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடு.

பள்ளிக்கூடம் விட்டு வந்து கடை ஸ்டூலில் உட்காருவாய், ஞாபகம் இருக்கிறதா? எரிந்துபோன காயிலை நான் உளி வைத்து வெட்டியெடுக்க, நீ அந்தச் செம்புக் கம்பியைச் சாக்கில் போடுவாய். சிவப்பு பேஸ் (கரண்ட் வருவது), கறுப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போவது), பச்சை எர்த் (கசிவை மண்ணுக்கு இறக்குவது) என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாய். தப்பில்லாமல் சொன்னால் ஒரு கடலை மிட்டாய். அந்த வாய்ப்பாடு உன் கையில் ஊறியிருக்கும். என் பயமே அதுதான். அங்கே அது அப்படியே தலைகீழ். அமெரிக்க வீட்டில் கறுப்புதான் பேஸ். வெள்ளைதான் நியூட்ரல். பச்சையோ, மேலே உறை இல்லாத வெறும் செம்புக் கம்பியோ எர்த்.

போதாததற்கு உன் பேனிலிருந்து ஒரு நீல வயர் வரும். நம் ஊர் மிக்சி, இஸ்திரிப் பெட்டி கார்டைப் பிரித்தால் நீலம் நியூட்ரல். உன் பேனில் அந்த நீலம் விளக்குக்குப் போகும் பேஸ். நீ அனுப்பிய விவரத்தாளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது: கறுப்பு மோட்டாருக்கு, நீலம் விளக்குக்கு, வெள்ளை இரண்டுக்கும் பொது. ஆக நம் ஊர்க் கண்ணுக்குச் சாதுவாகத் தெரிகிற இரண்டு நிறமும் அங்கே ஆளை அடிக்கிறவை.

வெள்ளையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. நீங்கள் வாங்கியிருப்பது பழைய வீடு. பழைய வயரிங்கில் சுவிட்சுக்குப் போய்த் திரும்பும் இரட்டை வயரில், வெள்ளையையே பேஸாகப் பயன்படுத்தியிருப்பார்கள். ஒழுங்கான ஆளாக இருந்தால் அதன் முனையில் கறுப்பு டேப் சுற்றியிருப்பான். எல்லாரும் ஒழுங்கானவர்களா என்ன? டெஸ்டர் வைத்துப் பார். வயரைத் தொடாமல் பக்கத்தில் காட்டினாலே பீப் அடிக்கிற பேனா மாதிரி டெஸ்டர் அங்கே கிடைக்கும், ஒன்று வாங்கு. முதலில் கரண்ட் இருப்பது தெரிந்த ஒரு பிளக்கில் வைத்து அது கத்துகிறதா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் பேன் வயருக்குப் போ. வேலை செய்யாத டெஸ்டரும் கத்தாது, கரண்ட் இல்லாத வயரிலும் கத்தாது.

சுவர் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதே. கரண்ட் பெட்டியில் இருக்கும் பிரேக்கரையே இறக்கு. இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ என்ற புயல் அடித்தது. அப்புறம் நாள்கணக்கில் ஊரே இருட்டு. நனைந்த பேன்கள் கடை வாசலில் மலைபோல் குவிந்து கிடந்ததை நீயே பார்த்திருக்கிறாய். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குப் பேன் மாட்டப் போனேன். ஊரிலேயே கரண்ட் இல்லை, மெயினை எதற்கு இறக்குவது என்று அப்படியே ஸ்டூலில் ஏறிவிட்டேன். வயரை முறுக்கிக்கொண்டிருக்கும்போது தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் ‘ஓ’ என்று கத்தின சத்தம் கேட்டது, அடுத்து நான் தரையில் கிடந்தேன். முழங்கையில் கட்டோடு வந்து சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னேனே, அது இதுதான். அம்மாவுக்கு இன்றுவரை சைக்கிள் கதைதான் தெரியும். இப்போது அவள் தூங்குகிறாள், அதனால்தான் எழுத முடிகிறது.

பேன் விஷயத்துக்கு வருவோம். நம் ஊர் சாதாரண பேனில் அடியில் விளக்கு மாட்டவே முடியாது, தெரியுமா? இதை உனக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை. நடுத்தண்டும் அதில் இருக்கும் காயிலும் அசையாமல் நிற்கும். வெளிக்கூடுதான் இறக்கையோடு சுற்றும். அடிமூடியும் கூடவே சுற்றும். அதில் விளக்கை மாட்டினால் விளக்கும் சுற்றும், வயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். “இந்த பேன்லேயே ஒரு பல்பு போட்டுக் கொடுங்களேன்” என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெரிய வேலை வேண்டாம் என்கிறான் என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள்.

விளக்குக்கு வசதி வைத்த பேன் வேறு ஜாதி. அதில் தண்டு உள்ளே துளையாக இருக்கும். வயர் அதற்குள் இறங்கி அடிக்கு வரும். அடிக்கிண்ணம் தண்டோடு சேர்ந்து நிலையாக நிற்கும். உன்னுடையது அப்படித்தானா என்று பார்ப்பது சுலபம். பேனை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் மெல்லச் சுற்று. இழுத்தால் ஆன், ஆஃப் ஆகிற சங்கிலி தொங்குகிற அடிக்கிண்ணம் அசையாமல் இருந்தால் சரி. அந்தக் கிண்ணத்தின் நடுவில் காசு அளவில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் ஓட்டை தெரியும். விளக்குக்கான இடம் அதுதான். கிண்ணத்தைத் திறந்தால் ஒரு நீலமும் ஒரு வெள்ளையும் முனையில் தொப்பி போட்டுக்கொண்டு சும்மா இருக்கும். சில பேனில் நீலத்துக்குப் பதில் கறுப்பு, அதனால் மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படி. உள்ளே ஒரு கறுப்புப் பெட்டியும் இருக்கும், அது கண்டன்சர். அதன் வயரை இழுத்துவிடாதே.

நம் வீட்டு ஹால் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள். அம்மா சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து பூக்கட்டுவாள். டியூப் லைட் சுவரில் உயரத்தில் இருக்கிறது, பேன் இறக்கை அதைவிடக் கீழே. இறக்கை சுற்றச் சுற்ற அவள் மடியில் நிழல் வெட்டி வெட்டி ஓடும். “மல்லியா நூலான்னு தெரியல, கண்ணு வலிக்குது” என்று ரொம்ப நாளாகச் சொன்னாள். பேனுக்கு எதற்கு விளக்கு, அது கல்யாண மண்டபத்து அலங்காரம் என்று தட்டிக் கழித்தேன். கண் ஆபரேஷன் ஆன பிறகு மறுக்க மனம் வரவில்லை. விளக்கு வைத்த பேன் ஒன்று வாங்கி மாட்டினேன். விளக்கு இறக்கைக்குக் கீழே இருப்பதால் நிழல் ஆட்டம் இல்லை. இத்தனை நாள் இதை ஏன் செய்யவில்லை என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆனால் பேன் பாயிண்டுக்கு இரண்டே வயர்தான் வந்திருந்தது. விளக்குக்குத் தனியாக ஒரு பேஸ் இழுக்க வேண்டும். பழைய பைப்பில் ஸ்பிரிங் விட்டு இழுக்கச் சோம்பல்பட்டு, மேலேயே இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். அதாவது ரெகுலேட்டரைத் தாண்டி வருகிற வயரில் விளக்கு. பேன் ஐந்தில் ஓடும்போது நன்றாக எரிந்தது. இரவு அம்மா இரண்டில் வைத்தாள், எல்இடி பல்பு கண்சிமிட்ட ஆரம்பித்தது. பழைய குண்டு பல்பாக இருந்தால் மங்கலாகவாவது எரியும். எல்இடிக்குள் இருக்கும் சர்க்யூட் அதைத் தாங்காது, நாலு நாளில் செத்துப்போனது. “கடைக்கு வந்தவங்களுக்கும் இப்படித்தான் செஞ்சு கொடுத்தீங்களா?” என்று கேட்டாள் உங்கம்மா. மறுநாளே தனி வயர் இழுத்துவிட்டேன்.

உனக்கு இதில் என்ன வேலை என்றால், உங்கள் சுவரில் ஒரு சுவிட்சா, இரண்டா என்று முதலில் பார். இரண்டாக இருந்தால் கூரைப் பெட்டிக்குக் கறுப்போடு ஒரு சிவப்பும் வந்திருக்கலாம். அப்படியானால் கறுப்பை பேனின் கறுப்போடும், சிவப்பை நீலத்தோடும் சேர். ஒரே சுவிட்ச் என்றால் பேனின் கறுப்பையும் நீலத்தையும் வீட்டு பேஸோடு ஒன்றாகச் சேர்த்துவிட்டு, பேனுக்கு ஒரு சங்கிலி, விளக்குக்கு ஒரு சங்கிலி என்று இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். சுவரில் வேகம் குறைக்கும் ரெகுலேட்டர் இருந்தால் விளக்கு அதன் வழியாகப் போகவே கூடாது. விளக்கை மங்கலாக்குகிற டிம்மரை பேனுக்கு வைப்பதும் கூடாது, மோட்டார் உறுமும், சூடாகும்.

மேலே திறக்கும்போது இன்னொன்றையும் பார்த்துவிடு. இங்கே கான்கிரீட்டிலேயே கொக்கி. நம் கடல்காற்றில் அது துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அங்கே மரச்சட்டமும் அட்டைக் கூரையும். சட்டத்தில் அடித்த ஒரு பெட்டியில்தான் பேன் தொங்குகிறது. அந்தப் பெட்டி பேனுக்கானதுதானா, வெறும் விளக்குக்கானதா என்று உள்ளே அச்சடித்திருக்கும். விளக்கு ஆடாமல் தொங்கும், பேன் அதிர்ந்துகொண்டே தொங்கும், இரண்டுக்கும் ஒரே பெட்டி ஆகாது. பேனுக்கானது இல்லை என்றால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு ஆள் கூப்பிடு. காசு பார்க்காதே.

மாட்டுகிற வேலை சின்னதுதான். விளக்கின் நடுக்குழாயைக் கிண்ணத்து ஓட்டையில் விட்டு, உள்பக்கம் பல் வாஷர் போட்டு நட்டை முறுக்கு. இந்த வாஷரை மீந்துபோன சாமான் என்று டப்பாவில் போட்டுவிடாதே, அது இல்லாவிட்டால் அதிர்வில் நட்டு தளர்ந்து ஒருநாள் விளக்கு தனியாகச் சுற்ற ஆரம்பிக்கும். வெள்ளையோடு வெள்ளை, நீலத்தோடு விளக்கின் கறுப்பு. நம்மைப் போல முறுக்கி டேப் சுற்றுவது அங்கே வழக்கம் இல்லை, திருகுகிற பிளாஸ்டிக் தொப்பி பெட்டியிலேயே இருக்கும். போட்ட பிறகு ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பார். வந்துவிட்டால் இப்போதே வரட்டும்.

கண்ணாடிக் கிண்ணத்தைக் கடைசியில் மாட்டு. மூன்று திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக, கையால் மட்டும் முறுக்கு. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் கண்ணாடி விரியும். மாசத்துக்கு ஒருதடவை துடைக்கும்போது தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்.

பல்பு அங்கேயே வாங்கு. இங்கிருந்து அனுப்பட்டுமா என்று அம்மா கேட்டாள். நம்முடையது 230 வோல்ட், இரண்டு பின் வைத்து மாட்டுவது. அங்கே 120 வோல்ட், திருகுவது. மூடின கண்ணாடிக்குள் வைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும் எல்இடியாகப் பார்த்து எடு, சாதாரண எல்இடி மூடின கிண்ணத்துக்குள் வெந்துபோகும். 2009க்குப் பிறகு அங்கே வந்த பல பேன் விளக்குகளில் 190 வாட்டுக்கு மேல் போனால் தானாக அணைகிற ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். ஒன்பது வாட் எல்இடி நாலு போட்டாலும் 36தான், உனக்கு அந்தத் தொல்லை வராது.

இறக்கை தரையிலிருந்து ஏழடிக்குக் கீழே இருக்கக்கூடாது. விளக்கு அதற்கும் கீழே தொங்கும். மாப்பிள்ளை குட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டு விளையாடுவாரே, அந்த அறையில் மட்டும் வேண்டாம் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

சனிக்கிழமை பிரேக்கரை இறக்கின உடனே என்னை வீடியோவில் கூப்பிடு. உனக்குக் காலை பத்து என்றால் எனக்கு இரவு எட்டரை, சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்பேன். போனை மாப்பிள்ளை கையில் கொடு, அவர் கீழே நின்று மேலே காட்டட்டும். டெஸ்டர் கத்தாததை நான் என் காதால் கேட்ட பிறகு நீ வயரில் கை வை.

அன்புடன்,
அப்பா