பார்வைக் கோணத்தைப் பாகையில் சொல்லுங்கள்

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் சிமுலேட்டர்களை உருவாக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றில் கேமரா பகுதியைக் கவனிக்கும் நிரலாளர்களுக்கும்,

வணக்கம்.

மேக அடுக்குகளையும் இறக்கையில் படும் வெயிலையும் நீங்கள் எவ்வளவு அக்கறையோடு உருவாக்குகிறீர்கள் என்பதை மாலைதோறும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த அக்கறை காக்பிட் கேமராவின் அமைப்புப் பக்கத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை. பல சிமுலேட்டர்களில் அங்கே இருப்பது ‘ஜூம்’ என்றொரு ஸ்லைடர். பக்கத்தில் ஒரு சதவீதம். எதில் ஐம்பது சதவீதம்? திரையில் நான் பார்ப்பது எத்தனை பாகைக் கோணம் என்பதை அந்த எண் சொல்வதில்லை.

இதை அழகு சார்ந்த விருப்பமாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். விமானத்தைத் தரையிறக்குவதே இதில்தான் இருக்கிறது.

27 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அதிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் அந்தத் திரை அடைத்துக்கொள்ளும் கோணம் சுமார் 53 பாகை. சிமுலேட்டரும் அதே 53 பாகையைக் காட்டினால் திரை ஒரு ஜன்னலாகவே ஆகிவிடும். ஒரு கிலோமீட்டர் தொலைவில், நேர் எதிரே உள்ள 45 மீட்டர் அகல ஓடுபாதை, திரையில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் 2.7 சென்டிமீட்டர் இருக்கும். நிஜ விமானத்தில், கண்ணிலிருந்து அதே 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் கண்ணாடியில் அளந்தாலும் அவ்வளவுதான். இப்போது கோணத்தை 90 பாகைக்கு விரியுங்கள். அதே ஓடுபாதை 1.35 சென்டிமீட்டராகிவிடுகிறது. சரிபாதி! கண்ணுக்கு அது இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகப்படுகிறது. தரையைத் தொடுவதற்கு முன் மூக்கை எப்போது தூக்குவது என்பதை, ஓடுபாதை கண்ணெதிரே விரியும் விதத்தைப் பார்த்துத்தான் விமானி தீர்மானிக்கிறார். அந்த அளவையே பாதியாக்கிக் கொடுத்துவிட்டு, காற்றியக்கக் கணக்குகளை எத்தனை நுட்பமாகச் செய்தாலும் பயிற்சிக்கு வரும் ஒருவருக்கு அது போய்ச் சேராது.

பிறகு ஏன் நாங்களே கோணத்தை விரித்துக்கொள்கிறோம்? வேறு வழியில்லை. செஸ்னா 172 போன்ற சிறிய விமானத்தில் 53 பாகையில் ஓடுபாதையைப் பார்த்தால் கருவிப் பலகை முழுதாகத் தெரியாது. பலகையைப் பார்த்தால் வெளியே பக்கவாட்டில் எதுவும் தெரியாது. விமான நிறுவனங்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தும் உயர்தர சிமுலேட்டர்களுக்கு அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ கிடைமட்டத்தில் குறைந்தது 176 பாகைக் காட்சி வேண்டும் என்கிறது. மேசையில் ஒற்றைத் திரை வைத்திருப்பவருக்கு அது கிடைக்கப்போவதில்லை. ஆகவே பயணத்தின் நடுவே விரிந்த கோணம், இறங்கும்போது உண்மை அளவு என்று நேரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். எந்தக் கோணத்தில் இருக்கிறேன் என்பதே தெரியாமல் எப்படி மாற்றுவது?

இன்னொரு குழப்பமும் இதோடு சேர்ந்தே வருகிறது. கருவிகள் தெரியவேண்டும் என்பதற்காகப் பலர் கோணத்தை விரிப்பதற்குப் பதிலாகக் கண்ணின் இடத்தைப் பின்னுக்கு இழுக்கிறார்கள், அல்லது கீழே இறக்குகிறார்கள். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் விளைவு வேறு. கண் பின்னால் போகப் போக, கருவிப் பலகையின் மேல்விளிம்பு முன்னால் இருக்கும் தரையை மறைத்துக்கொண்டே வருகிறது. ஓடுபாதையின் அருகுப் பகுதி அதற்கடியில் போய்விடுகிறது. ஏர்பஸ் விமானங்களில் இதற்காகவே முன்கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள தூணில் சிறு உருண்டைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். சிவப்பு உருண்டை, அதற்கு அப்பாலுள்ள வெள்ளை உருண்டையை மறைக்கும்வரை விமானி தன் இருக்கையை ஏற்றி இறக்கிச் சரிசெய்கிறார். அப்போதுதான் கண் வடிவமைப்பாளர் நினைத்த இடத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்கு ஒரே பொத்தானில் திரும்பிவர முடிய வேண்டும்; ஜூமைத் தொட்டால் அது அசையவும் கூடாது.

இவையெல்லாம் செய்ய முடியாத காரியங்கள் அல்ல. 1997 முதல் தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்துவரும் ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர், ஜூம் செய்யும்போதே பாகை அளவைத் திரையில் காட்டுகிறது. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் கிடைமட்டக் கோணத்தைப் பாகையில் கேட்கிறது; கன்ட்ரோல் விசையோடு எண் விசையை அழுத்தினால் அப்போதைய பார்வையைச் சேமித்தும் வைக்கிறது. சேமித்த பார்வை எவ்வளவு முக்கியம் என்பது சிறிய விமானத்தில் விமான நிலையத்தைச் சுற்றி வந்து இறங்குபவருக்குத் தெரியும். ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும்போது, அதன் முனை இடது தோளுக்குப் பின்னால் 45 பாகையில் வரும் நேரத்தில் திரும்ப வேண்டும். அந்தப் பின்பார்வை ஒரே விசையில் வந்தாக வேண்டும். மவுஸைப் பிடித்துத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தால் அதற்குள் உயரம் கைவிட்டுப் போயிருக்கும். தலையசைவைப் பின்தொடரும் கருவி இருந்தால் நல்லதுதான். அதை வாங்க எல்லோராலும் இயலாது.

இப்படி விமானத்துக்கு விமானம் பார்த்துப் பார்த்துச் சேமித்துவைத்த பார்வைகளை ஒரு அப்டேட் துடைத்துப் போட்டுவிட்டால் எவ்வளவு ஆற்றாமையாக இருக்கும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். அது எங்கள் உழைப்பு. அதைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்யவும், புதிய பதிப்பில் மீண்டும் சேர்க்கவும் வழி செய்யுங்கள். எழுத்துக் கோப்பாகவே இருக்கட்டும். நோட்பேடில் திறந்து திருத்தும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு.

நான் கேட்பதில் பெரும்பகுதி ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். திரையின் அகலம், கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரம் என்று இரண்டு பெட்டிகள் வையுங்கள். அவற்றிலிருந்து உண்மைக் கோணத்தை நீங்களே கணக்கிட்டு ஸ்லைடரில் ஒரு குறியாகக் காட்டுங்கள். அழுத்திப் பிடித்திருக்கும்வரை அந்தக் கோணத்துக்கு மாற ஒரு விசை கொடுங்கள். விட்டதும் பழைய காட்சி திரும்பட்டும். மூன்று திரை வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு திரைக்கும் தனிக் கோணம் குறிக்க இடம் கொடுங்கள். ஒரே படத்தை மூன்றிலும் இழுத்துவிட்டால் ஓரத்திலிருக்கும் இறக்கை ரப்பர் போல நீள்கிறது. அடுத்த அப்டேட்டில் இவ்வளவும் ஒன்றாக முடியாதென்றால், சதவீதத்தை எடுத்துவிட்டுப் பாகையைப் போடுவதை மட்டுமாவது முதலில் செய்யுங்கள்.

இப்படிக்கு,
வீட்டு மேசையிலிருந்து பறக்கும் ஒருவன்