கட்டுத்தரைக்கு வந்து நின்றவர்களுக்கு

நாமக்கல் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஐந்து கலப்பின மாடுகள் இருந்தன. இப்போது நான்கு. அந்த நான்கும் இன்று காலை சொசைட்டிக்குப் பால் கொடுத்தன. அதனால்தான் இந்த நன்றிக் கடிதத்தை எழுத உட்கார முடிந்தது.

தவறு என்னுடையதுதான். சித்திரையில் சந்தையிலிருந்து ஒரு சினைக் கிடாரி பிடித்து வந்தேன். காதுக்குள்ளும் மடிக்கு மேலேயும் உண்ணி அப்பியிருந்தது. உண்ணி இல்லாத மாடு எங்கே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். கிடாரிக்குக் காய்ச்சல் வந்தபோதும் வெறும் காய்ச்சல் ஊசியோடு நான்கு நாளை ஓட்டினேன். ஐந்தாம் நாள் விடிகாலையில் அது எழவில்லை.

ஆனியில் எங்கள் கறவை வெள்ளைச்சி தீனியை விட்டாள். காய்ச்சல் 106 டிகிரி. இந்த முறை ஓடிவந்தது மருந்தகத்து டாக்டர் அம்மா. தோளுக்கு முன்னால் அழுத்திப் பார்த்துவிட்டு என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். எலுமிச்சம்பழம் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. கண் இமையை விலக்கினால் சுண்ணாம்பு வெளுப்பு. உடனே ஊசி போடச் சொன்னேன். "ரத்தத்தைப் பார்க்காமல் போட்டால் குருட்டு வைத்தியம்" என்றார். மூத்திரம் காபி நிறத்தில் போகிற பபீசியா என்ற உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து வேறாம், நெறி கட்டுகிற காய்ச்சலுக்கு வேறாம்.

கால்நடைக் கல்லூரி ஆய்வகத்துப் பிள்ளைகளே, அன்று சாயங்காலமே பார்த்துச் சொன்னதோடு நுண்ணோக்கியில் எனக்கும் காட்டினீர்கள். சிவப்பணுவுக்குள் குட்டி மோதிரங்கள். தைலேரியா என்று, உண்ணி கடித்துப் பரப்புகிற ரத்தக் கிருமி. அதற்கான பூபார்வாகோன் ஊசி இறங்கியது. ஆனாலும் வெள்ளைச்சி உடம்பில் ரத்தம் மிஞ்சவில்லை, மாற்று ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர் அம்மா.

மாட்டுக்கு ரத்தம் ஏற்றுவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். யாரிடம் போய்க் கேட்பது? பக்கத்துத் தோட்டத்து ஆத்தா கேட்காமலே தன் காங்கேயம் நாட்டுப் பசு மயிலையை ஓட்டி வந்து நின்றார். நாட்டு மாட்டுக்கும் இந்தக் கிருமி வரும், அது தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் மயிலையின் ரத்தத்தையும் பார்த்த பிறகே எடுத்தார்கள். கழுத்து நரம்பிலிருந்து மூன்று லிட்டர். கொட்டாய் விட்டத்தில் பையைக் கட்டித் தொங்கவிட்டு, வெள்ளைச்சிக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கும் வரை ஆத்தா மயிலையின் நெற்றியைத் தடவியபடியே நின்றார். மறுநாள் மத்தியானம் வெள்ளைச்சி ஒரு பிடி சோளத்தட்டை கடித்தாள். என் வீட்டுக்காரி அழுதே விட்டாள்.

ஊசி போட்ட மாடுகளின் பாலை ஊற்ற முடியாத நாட்களில் தீவனத்தைக் கடனாகக் கொடுத்த சொசைட்டி செயலாளர் அண்ணனுக்கும் நன்றி.

அப்புறம் என் மச்சான் மகன்கள் இருவர். மாட்டின் மேல் உண்ணி மருந்து ஊற்றினால் போதும் என்றிருந்தேன். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெடிப்பு வெடிப்பாக ஊதுவிளக்கைக் காட்டினார்கள். பொட்டுப் பொட்டென்று வெடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிறகு சிமெண்ட் பூசி, சுண்ணாம்பும் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆத்தா, பணம் கொடுத்தால் அடிக்க வருகிறீர்கள். சரி, மயிலைக்குக் கடலைப் புண்ணாக்கு ஒரு மூட்டை எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் பால் ஊற்றிவிட்டு வரும்போது கொண்டு வருகிறேன்.